கிளேர் குடியின் வழிமரபு

குடிப்பெயரைக் கொண்டு வழிமரபு தேடப் புகுவோர், நார்மன் காலத்து இங்கிலாந்தில் முதலடியிலேயே தடுமாறுவர். வில்லியம் மன்னர் அந்நாட்டை வென்றபின் அங்கே பெருநிலம் பெற்றவருள் ஒருவர் ரிச்சர்டு. நார்மண்டியில் பிரியோன் என்னும் ஊரின் பிரபுவான கில்பர்ட் அவர் தந்தை. 1086ஆம் ஆண்டு டூம்ஸ்டே நிலப் பதிவேட்டில் அவர் ஓரிடத்தில் 'கில்பர்ட் பிரபுவின் மகன்'. மற்றோரிடத்தில் 'டன்பிரிட்ஜ் ரிச்சர்டு'. சஃபோக் பகுதியில் அவருக்குக் கிடைத்த கிளேர் என்னும் ஊரின் பெயரே பின்னாளில் குடிப்பெயராக நிலைத்தது. வடநாட்டு அலுவலகப் படிவங்களில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தின் முன் தந்தை பெயரை எழுதுவதா, ஊர்ப்பெயரை எழுதுவதா என்று தயங்கி நிற்கும் நமக்கு இவ்விடர்ப்பாடு புதிதன்று.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன் என்பது நம் வழக்கு. கிளேர் குடியிலும் ரிச்சர்டு, கில்பர்ட் என்னும் பெயர்களே மாறி மாறி வருகின்றன. 1136இல் வேல்ஸில் கொல்லப்பட்டவரும், 1176இல் அயர்லாந்தில் மறைந்த அவர் தம்பி மகனும், 1217இலும் 1262இலும் இறந்தவர்களும் ரிச்சர்டுகளே! இறந்த ஆண்டையும் ஆண்ட நிலத்தையும் கொண்டே இவர்களைப் பிரித்தறிய வேண்டும்.

இதற்குத் துணை நிற்பவை 13ஆம் நூற்றாண்டு முதல் கிடைக்கும் இறப்பு விசாரணைப் பதிவுகள். அரசரிடம் நேரே நிலம் பெற்றவர் இறந்தால், ஊரார் சிலரை ஆணையிட்டுக் கூறச் செய்து, இறந்த நாள், நிலம், வாரிசு, வாரிசின் வயது ஆகியவற்றைத் தோலேட்டில் எழுதினர். அரசின் வருவாய் கருதி எழுதியதே அது. வரலாறு எழுதுவதாக அவ்வெழுத்தர் நினைத்திருக்கமாட்டார். கோப்புகளோடு வாழும் நமக்கு அவரிடம் தனிப்பரிவு தோன்றுகிறது.

1314இல் பானக்பர்ன் போர்க்களத்தில் கடைசி கில்பர்ட் 23 வயதில் மாண்டார். பிள்ளையில்லை. அவர் மனைவி மாட் தாம் கருவுற்றிருப்பதாகக் கூறினார். பிறவாத அக்குழந்தைக்காகப் பங்கீடு காத்திருந்தது, பத்து மாதமன்று, மூன்றாண்டுகள்! அரசருக்கும் அத்தாமதம் வேண்டியிருந்தது போலும். 1317இல்தான் நிலம் மூன்று சகோதரியருக்கும் பிரிக்கப்பட்டது.

ஆண்வழியை மட்டும் வரைந்த குலமரம் இங்கே பட்டுப்போகிறது. ஆனால் கிளேர் ஊரைப் பெற்ற இளைய சகோதரி எலிசபெத், மும்முறை மணந்து மும்முறையும் கணவரை இழந்தவர், 1338இல் கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றுக்குக் கிளேர் என்று பெயரிட்டார். அவர் பெயரையே தாங்கிய பெயர்த்தி எலிசபெத், மூன்றாம் எட்வர்டின் மகன் லயனலை மணந்தார். 1362இல் லயனல் பெற்ற 'கிளாரன்ஸ்' பட்டமும் அவ்வூர்ப் பெயரிலிருந்து வந்ததே. அவர்கள் மகள் பிலிப்பா. பிலிப்பாவின் பெயர்த்தி ஆன் மார்ட்டிமர். 1461இல் அரியணை ஏறிய நான்காம் எட்வர்டு அந்த ஆனின் பெயரன்.