இரண்டு மாலைகள்

மேட்டுப்பாளையத்துக்காரரிடம் சமுத்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அவர் சென்னையைத்தான் நினைப்பார். கடற்கரை என்றால் மெரினா. கடல் என்றால் வங்காள விரிகுடா. பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகமும் சினிமாவும் சேர்ந்து நமக்கு அப்படி ஒரு திசையைப் பழக்கிவிட்டன. ஆனால் தேசப் படத்தை விரித்து வைத்து நேர்கோடு போட்டுப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து அரபிக் கடல் ஏறக்குறைய 125 கிலோமீட்டர். கிழக்குக் கடல் அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலே. நம்முடைய கடல் மேற்கே இருக்கிறது. நீலகிரி மறைத்துக்கொண்டு நிற்பதால் அது நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

அந்த மலைச் சுவர் கோயமுத்தூருக்குத் தெற்கே சட்டென்று நின்றுவிடுகிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு திறந்த வாசல். ஆனி, ஆடி மாதங்களில் நம் ஊர்த் தென்னை மரங்களைப் பிடித்து ஆட்டுகிற காற்று அந்த வழியாகத்தான் வருகிறது. காற்று மட்டுமா வந்தது? கொங்கு நாட்டு மண்ணைத் தோண்டினால் ரோமாபுரிக் காசு கிடைக்கிறது. வெள்ளலூரில் கிடைத்தது, பொள்ளாச்சிப் பக்கம் கிடைத்தது. மேலைக் கடற்கரையில் மிளகு வாங்க வந்தவர்களின் பணம், இந்த வாசல் வழியாகத்தான் கொடுமணலுக்கும் கரூருக்கும் நடந்து வந்தது.

இதையெல்லாம் புத்தகத்தில் படித்திருந்தேனே தவிர, அந்த வாசல் வழியாகக் கடலைப் போய்ப் பார்த்தது சமீபத்தில்தான். பிரயாண ஏற்பாடு செய்கிறவர்கள் ஒரு நாள் திட்டம் ஒன்று போட்டிருந்தார்கள். விடியற்காலம் நாலு மணிக்கு வேன், மத்தியானம் பொன்னானியில் கடற்கரைச் சாப்பாடு, அதன் பின் மாப்பிளைப் பாட்டு, நடுநிசிக்குள் வீடு. வழிகாட்டி ஒருவரும் உண்டு. சாப்பாட்டையும் சங்கீதத்தையும் ஒரே சீட்டில் விற்கிறார்களே என்ற ஆச்சரியத்தில் நானும் பேரைக் கொடுத்தேன். பதின்மூன்று பேர் சேர்ந்தோம். எனக்கு முன் ஆசனத்தில் ஓய்வு பெற்ற உருளைக்கிழங்கு மண்டிக்காரர் ஒருவரும் அவருடைய மனைவியும்.

வழிகாட்டி பாலக்காட்டுப் பையன். நல்ல சுறுசுறுப்பு, இரண்டு பாஷையும் சரளம். வாளையாறு வந்ததும் வேனுக்குள் எழுந்து நின்றுகொண்டு, "சார், அம்மா, எல்லாரும் கேளுங்க. இதுதான் பார்டர். இனிமே பாஷை வேற, சாப்பாடு வேற, பாட்டு வேற. எல்லாமே வேற!" என்று அறிவித்தான்.

மண்டிக்காரர் மெல்லத் திரும்பினார். "ஏனுந் தம்பி, எங்கப்பாரு காலத்துல இதெல்லாம் ஒரே ராஜ்யமுங்களே! பொன்னானிக்காரனும் நம்மளும் ஒரே சர்க்காருக்குத்தானுங்க வரி கட்டுனோம்" என்றார்.

அவர் சொன்னதே சரித்திரம். திப்பு சுல்தானோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் 1792ல் மலபார் கம்பெனியார் கைக்கு வந்தது. 1799ல் கோயமுத்தூரும் வந்தது. 1800ல் மலபாரைச் சென்னை ராஜதானியோடு இணைத்தார்கள். அன்று முதல் 1956 அக்டோபர் 31 வரை, வாளையாறு என்பது ஒரு ஜில்லா முடிந்து இன்னொரு ஜில்லா ஆரம்பிக்கிற இடம். அவ்வளவே. பக்கத்தில் சிற்றூர்த் தாலுகா கொச்சி மகாராஜாவுடையது. அங்கேதான் வேறு ராஜ்யம். 1952ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் கே. கேளப்பன் பொன்னானியிலிருந்து பார்லிமெண்டுக்குப் போனபோது, அது சென்னை ராஜ்யத்துத் தொகுதி. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி ராஜ்யங்கள் பிறந்தன. வாளையாற்றில் கோடு விழுந்தது.

மொழிவாரிப் பிரிவினை தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஜனங்கள் தங்கள் பாஷையிலே ஆளப்பட வேண்டும் என்பதைவிட நியாயமான கோரிக்கை கிடையாது. ஆனால் கோடு போட்டால் அந்த இடத்தில் ஒரு கம்பமும், கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு உத்தியோகஸ்தரும் முளைத்துவிடுகிறார்கள். விற்பனை வரிச் சோதனைக்காக இங்கே லாரிகள் நாள் கணக்கில் வரிசையில் நின்ற காலம் உண்டு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் அந்த வரிசை மறைந்தது. 2020 மே மாதம் கொரோனா சமயத்தில் பாஸ் இல்லாமல் வந்த ஜனங்கள் இதே ரஸ்தாவில் வெயிலில் காத்துக் கிடந்தார்கள்.

எல்லைக் கோட்டின் நிஜமான சரித்திர ஆசிரியர்கள் கள்ளக் கடத்தல்காரர்கள் என்பது என் அபிப்பிராயம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கம்பெனியார் புகையிலை வியாபாரத்தைத் தங்கள் ஏகபோகமாக வைத்திருந்தார்கள். கோயமுத்தூர்ப் புகையிலைக்கு மலபாரில் அடங்காத கிராக்கி. விளைவு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கணவாயின் காட்டுப் பாதைகளெல்லாம் ராத்திரியில் விழித்துக்கொண்டன. அப்புறம் அரிசியின் முறை. 1957ல் தென்னாட்டு ராஜ்யங்கள் நான்கையும் ஒரே அரிசி மண்டலமாக வைத்திருந்தார்கள். 1964ல் அதைக் கலைத்து, ராஜ்யத்துக்கு ஒரு மண்டலம் என்றார்கள். அன்றிலிருந்து அரிசி, தலைச் சுமையாகவும் மடியில் கட்டிய முடிச்சாகவும் வாளையாற்றைத் தாண்டியது. ரேஷன் அரிசிக் கடத்தல் செய்தி இன்றும் பத்திரிகையில் வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தப் பக்கம் பசி, இந்தப் பக்கம் நெல். நடுவே ஒரு கம்பம்.

பாலக்காடு, ஒற்றைப்பாலம், பட்டாம்பி என்று ரஸ்தா பாரதப்புழையை ஒட்டியே போகிறது. இந்த ஆற்றையும் 'அவர்களுடைய' ஆறு என்று நினைத்துவிட வேண்டாம். பொள்ளாச்சிப் பக்கத்து ஆழியாற்றுத் தண்ணீர் கடைசியில் போய்ச் சேருவது இதிலேதான். அந்தத் தண்ணீரைப் பங்கு போடுவதற்காகவே 1970ல் இரண்டு ராஜ்யங்களும் பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. குற்றிப்புறத்தில் ஆற்றைத் தாண்டினோம். 1953ல் திறந்த பாலம் அது. சென்னை ராஜ்யம் இருந்தபோது கட்டியது. பொன்னானியில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த கவி இடசேரி கோவிந்தன் நாயர், இந்தப் பாலத்தின் மேல் நின்றுகொண்டு, பெருமையும் கவலையும் கலந்து ஒரு கவிதை பாடியிருக்கிறார். பாலத்தைப் பார்த்துப் பெருமை. ஆற்றை நினைத்துக் கவலை. நாங்கள் போன அன்று பாலத்தின் கீழே தண்ணீரைவிட மணலும் புதரும் அதிகமாக இருந்தன.

பொன்னானியில் ஆறு கடலோடு கலக்கிறது. மத்தியானச் சாப்பாடு ஒரு பழைய வீட்டின் தாழ்வாரத்தில். அரிசி மாவில் காகிதம் போல் தட்டிச் சுட்ட பத்திரி, நெய்ச்சோறு, மாங்காய் போட்ட மீன் குழம்பு. அதற்கு முன்னால் ஒரு தட்டில், கறுப்பு ஓட்டோடு ஏதோ ஒன்று வந்தது.

மண்டிக்காரரின் மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன கண்ணு இது, சிப்பியாட்டம் இருக்குது?"

"கடுக்க அம்மா, கடுக்க!" என்றான் வழிகாட்டி.

"கடுக்காயா? அது வவுத்தால போறதுக்கல்லோ குடுப்பாங்க?"

தாழ்வாரம் முழுவதும் சிரிப்பு. கடலோரப் பாறையில் ஒட்டிக்கொண்டு வளர்கிற சிப்பி வகை அது. ஓட்டுக்குள்ளே தேங்காயும் பெருஞ்சீரகமும் கலந்த அரிசி மாவை அடைத்து வேகவைத்து, பின்பு மிளகாய் விழுது தடவிப் பொரிக்கிறார்கள். அந்த அம்மாள் முதலில் ஒன்றைப் பயந்து பயந்து ருசி பார்த்தார். அப்புறம் எண்ணிக்கை எனக்குத் தெரியாது.

கடைசியில் வந்தது முட்டமால. முட்டை மாலை என்பதுதான் அந்தப் பெயர். முட்டையின் மஞ்சள் கருவை மட்டும் பிரித்து, துளையிட்ட சிரட்டையில் ஊற்றி, கொதிக்கிற சர்க்கரைப் பாகின் மேல் சுற்றிச் சுற்றி ஒழுக விடுகிறார்கள். பாகில் விழுந்ததும் அது பொன் நூலாக இறுகுகிறது. நூலை வாரியெடுத்துக் குவித்தால் சரம் சரமாக மாலை. மிஞ்சிய வெள்ளைக் கருவையும் வீணாக்குவதில்லை. சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் வேகவைத்து மாலைக்கு அடியில் மெத்தை போல் பரப்புகிறார்கள்.

இதே பலகாரம் போர்ச்சுகலில் இருக்கிறது. சயாம் தேசத்தில் இருக்கிறது. ஜப்பானில் இருக்கிறது. போர்ச்சுக்கீசியக் கப்பல் போன துறைமுகங்களை வரிசையாகக் குறித்துக்கொண்டு போனால், இந்த மஞ்சள் நூலும் கூடவே வருகிறது. பொன்னானிக்கு மட்டும் அந்தக் கப்பல்கள் பலகாரத்தோடு வரவில்லை. 1507ல் போர்ச்சுக்கீசியக் கவர்னர் அல்மெய்தாவின் படை இங்கே கப்பல்களைக் கொளுத்தியது. அவர்கள் செய்த அக்கிரமங்களை 1583 வரைக்கும் விவரித்து, அரபு பாஷையில் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என்ற சரித்திர நூலை எழுதியவர் பொன்னானிப் பெரியவர் ஷேக் ஜைனுதீன் மக்தூம். அவர் எழுதிக்கொண்டிருந்த ஊரின் அடுப்படியில், எதிரியின் பலகாரம் எப்படியோ நுழைந்து உட்கார்ந்துகொண்டது. யுத்தத்தை ஆண்கள் எழுதி வைத்தார்கள். சமையலைப் பெண்கள் எழுதி வைக்காமலே காப்பாற்றினார்கள்.

மக்தூம் குடும்பத்தைப் பற்றி வழிகாட்டி, "யேமன்ல இருந்து வந்தவங்க" என்று சொல்லி முடித்துக்கொண்டான். வாஸ்தவந்தான். ஆனால் வழியில் ஒரு ஊரை விட்டுவிட்டான். அந்தக் குடும்பத்தார் தங்கள் பெயரோடு 'மாபாரி' என்று சேர்த்துக்கொண்டவர்கள். மாபார் என்பது அரபு மாலுமிகள் நம்முடைய தமிழ்க் கடற்கரைக்கு வைத்த பெயர். அவர்கள் காயல்பட்டினக் கரையில் தங்கி, பிறகு கொச்சிக்குப் போய், அங்கிருந்து பொன்னானிக்கு வந்தவர்கள். நூலாசிரியரின் பாட்டனாரான முதல் ஜைனுதீன் மக்தூம்தான் பொன்னானியைக் கல்விக்குப் பேர்போன ஊராக்கினார். பள்ளிவாசல் வாசலில் நின்றபோது, காயல்பட்டினத்தை யாரும் நினைக்காததில் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் பாட்டு. ஆர்மோனியம் ஒன்று, தபலா ஒன்று, பாடுகிறவர் அறுபது வயதைத் தாண்டியவர். மாப்பிளைப் பாட்டு என்றால் கல்யாண வீட்டுக் கும்மாளம் என்று நினைத்து உட்கார்ந்தவர்கள் எங்களில் பலர். அவர் முதலில் எடுத்தது 'முஹ்யித்தீன் மால'. கோழிக்கோட்டு காஜி முஹம்மது 1607ல் இயற்றியது. தேதி தெரிந்த மாப்பிளைப் பாட்டுகளில் மிகப் பழையது இதுவே. பாக்தாதில் அடங்கிய மகான் அப்துல் காதிர் ஜீலானியைப் புகழ்வது.

மால என்றால் மாலை. மத்தியானம் சாப்பிட்டதும் மாலை, சாயங்காலம் கேட்டதும் மாலை. இரட்டைமணி மாலை, நான்மணி மாலை என்று நம் புலவர்கள் கட்டினார்களே, அதே குடும்பத்துப் பெயர். பெயர் மட்டுமல்ல. பாட்டின் நடையே மலையாளத்துக்கும் தமிழுக்கும் நடுவே எங்கேயோ நடந்துகொண்டிருந்தது. இரண்டு அடி போவதற்குள் மண்டிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நமக்கு வெளங்குதுங்களே!" என்று என் காதில் சொன்னார்.

பாடுகிறவருக்கும் அது காதில் விழுந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டு அடுத்தாற்போல் கொண்டோட்டி மோயின்குட்டி வைத்தியரின் பாட்டு ஒன்றை எடுத்தார். 1852ல் பிறந்து நாற்பது வயதிலே காலமான மகா கவி. 'பதருல் முனீர் - ஹுஸ்னுல் ஜமால்' என்ற காதல் காவியத்தை 1872ல் இயற்றியபோது அவருக்கு வயது இருபது. அரபு, பாரசீகம், சமஸ்கிருதம், கன்னடம், தமிழ் எல்லாவற்றையும் மலையாளத்தோடு சேர்த்துக் கலக்கியவர். பாட்டின் மெட்டுக்கு 'இசல்' என்று பெயர். நம்முடைய எதுகை மோனைக்குச் சமானமாக அவர்களும் கம்பி, கழுத்து, வால்கம்பி, வால்தலைக்கம்பி என்று இலக்கணம் வைத்திருக்கிறார்கள். வால்தலைக்கம்பி என்பது முன் அடியின் வாலைப் பிடித்து அடுத்த அடியின் தலையாக வைப்பது. அந்தாதி!

நம் இலக்கிய சரித்திரப் புத்தகங்களில் இந்தப் பாட்டுகளுக்கு இடம் இல்லை. அது மலையாளம் என்று விட்டுவிட்டோம். மலையாளிகளும் வெகு காலம் அவற்றைத் தள்ளியே வைத்திருந்தார்கள். கேட்டால் அது அரபி எழுத்து என்பார்கள். மலையாளத்தை அரபி லிபியில் எழுதுகிற அரபி மலையாளத்தில்தான் அவை எழுதப்பட்டன. நம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தமிழை அதே மாதிரி எழுதிவைத்த அரபுத் தமிழ் என்று ஒன்று இருந்ததே, அதற்கும் இந்தக் கதிதான்.

கச்சேரி முடிந்ததும் பாடகரின் மடியில் இருந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். மலையாள எழுத்தில் பாட்டுகள் வரிசையாக இருந்தன. "பழைய எழுத்தில் இல்லையா?" என்று கேட்டேன்.

"அது எங்க உப்பாப்பா எழுதினது" என்றார். பாட்டனாரைச் சொல்கிறார். "மூணு புஸ்தகம் உண்டு. எனக்கு அந்த எழுத்து கூட்டிக் கூட்டித்தான் வாசிக்க வரும். பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை."

மண்டிக்காரர் விடவில்லை. "அந்தப் பொஸ்தகமெல்லாம் பத்திரமா இருக்குதுங்களா?"

"ஒண்ணு கரையான் தின்னுட்டுது. ஒண்ணு பெங்ஙள் வீட்டில் இருக்கணும்" என்றார் அவர். பெங்ஙள் என்றால் சகோதரி என்று வழிகாட்டி எங்களுக்கு விளக்கினான். மூன்றாவது புத்தகத்தை அவரே உள்ளே போய்த் துணியில் சுற்றி எடுத்துவந்து எங்கள் முன்னால் வைத்தார். வலப்புறமிருந்து இடப்புறமாக ஓடும் பழுப்பு மை எழுத்து. நாங்கள் பதின்மூன்று பேரும், வழிகாட்டியும், அதைச் சுற்றிக் குனிந்து பார்த்தோம். எங்களில் ஒருவருக்கும் அதில் ஓர் எழுத்துக்கூடப் படிக்கத் தெரியவில்லை. அவர் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, மெதுவாக முதல் அடியை வாசித்தார். வாசித்தபோது எங்களுக்குப் பாதிக்கு மேல் புரிந்தது.