குரக்கனின் அந்தஸ்து

கொள்ளுப்பிட்டி சுப்பர்மார்க்கெட்டுகளில கினோவா ஒரு அந்தஸ்தான சாமான். தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைநாட்டுப் பயிர். 100 கிராமில் சுமார் 14 கிராம் புரதம், உடல் தானாக உருவாக்க முடியாத ஒன்பது அமினோ அமிலங்களும் உண்டு. குறை சொல்ல ஒண்டுமில்லை. ஆனா எங்கட குரக்கனையும் பக்கத்தில வச்சுப் பாருங்கோ. புரதம் கினோவாவின் பாதிதான். கல்சியமோ 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம். கினோவாவை விட ஏழு மடங்கு.

பிறகு ஏன் ஒண்டு 'சுப்பர்ஃபூட்', மற்றது சலரோகக்காரருக்கு டொக்டர் சொல்லுற சாப்பாடு? இதுக்குப் பதில் சத்து அட்டவணையில் இல்லை, வரலாற்றில இருக்கு.

குரக்கன் ஒரு சேனைப் பயிர். காட்டை வெட்டி எரித்து, மழையை நம்பி விதைத்து, பிறகு அந்த நிலத்தைத் திரும்பக் காடாக விட்டுவிடுவார்கள். 1840இல் பிரித்தானியர் கொண்டுவந்த காணிச் சட்டம், உரித்தை நிரூபிக்க முடியாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியதாக்கியது. கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் தேடிய காலம் அது. சேனை செய்ய அரசிடம் அனுமதி கேட்க வேண்டி வந்தது. அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்ஃப் 1913இல் வெளியிட்ட நாவலில், சேனை அனுமதியை மறுப்பதுதான் ஒரு ஏழைக் குடும்பத்தை அழிக்கிற ஆயுதம்.

அதே அம்பாந்தோட்டையிலிருந்து 1936இல் அரசாங்க சபைக்குப் போன டி. எம். ராஜபக்ச, குரக்கன் நிறச் சால்வை அணிந்தார். தன்னுடைய ஆட்கள் குரக்கன் விதைக்கிற ஏழைகள் என்பதற்கான அடையாளம் அது. பிறகு அந்தச் சால்வை ஜனாதிபதி மாளிகை வரைக்கும் போனது. குரக்கன் விவசாயி போகவில்லை.

ஏனெண்டா, இந்த நாட்டு அரசியல் அரிசியைச் சுற்றித்தான் நடந்தது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அரிசி வரவு நின்றது, பங்கீடு தொடங்கியது. 1953இல் கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானபோது ஹர்த்தால் வெடித்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அரிசி மக்களின் உரிமையானது. 70களின் தட்டுப்பாட்டில், அந்த உரிமை பறிபோன வீடுகளுக்குள் மரவள்ளியும் குரக்கனும் வந்தன. இல்லாத காலத்துச் சாப்பாடு எண்ட பெயர் அதோட ஒட்டிக்கொண்டது.

கினோவாவுக்கும் இதே கதைதான். அந்தீஸில் அதுவும் நீண்ட காலம் பழங்குடி ஏழைகளின் உணவு எண்டு கீழாகப் பார்க்கப்பட்டது. வெளிநாட்டுப் பணக்காரர் சாப்பிடத் தொடங்கின பிறகுதான் மரியாதை வந்தது. ஐ.நா. 2013ஐக் கினோவா ஆண்டாகவும் 2023ஐச் சிறுதானிய ஆண்டாகவும் அறிவித்தது.

குரக்கன் பிட்டு தேங்காய்ப்பூவோட, குரக்கன் ரொட்டி கட்டச்சம்பலோட எங்கட வீடுகளில இன்னும் இருக்கு. அது கண்ணாடிப் போத்தலில, பெரிய விலையில வாற நாள் தூரமில்லை. அப்ப நாங்கள் கேட்க வேண்டியது சத்துக் கணக்கை இல்லை. அந்த விலையில மொனராகலையிலும் அம்பாந்தோட்டையிலும் விதைக்கிற ஆளுக்கு எவ்வளவு போகுது, அவருக்கு அந்தக் காணியில உரித்து இருக்கா எண்டதைத்தான்.