எழும்பூர் மணலும் எங்க பாட்டியோட ரவையும்

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க முடியல. ஆனா இத எழுதாம விட்டா தூக்கம் வராது போலிருக்கு.

அக்கா பையனுக்கு நாலரை வயசு. போன மாசம் ஸ்கூல்ல அக்காவைக் கூப்பிட்டு, "எழுத்துக் கூட்டிப் படிக்க வரல, பையன் ரொம்ப ஸ்லோ, எதுக்கும் ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி அக்கா சாப்பிடல. இத்தனைக்கும் பையன் ஏ முதல் இஸட் வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டு ஒப்பிப்பான். நான் உட்கார வெச்சு "டி, ஓ, ஜி... சேர்த்துச் சொல்லுடா"ன்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சிட்டு "டியோஜி"ன்னான்.

முதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம் யோசிச்சா, அவன் மேல என்ன தப்பு? நாம கொடுத்த மூணு சத்தத்தையும் ஒண்ணு விடாம கூட்டியிருக்கான். தப்பான இன்புட்டைக் கொடுத்துட்டு அவுட்புட் சரியில்லன்னு புரோகிராமைத் திட்டற கதைதான். எழுத்தோட பேர் வேற, எழுத்தோட ஒலி வேற. நாம பேரைச் சொல்லிக் கொடுத்துட்டு ஒலியைக் கேட்கிறோம்.

இது ஒண்ணும் புதுசா யாரோ கண்டுபிடிச்ச விஷயம் இல்ல. ஜெர்மனியில இக்கெல்சாமர்ங்கிறவர் 1527லயே, பேரை விடு, ஒலியைச் சொல்லிக் கொடுன்னு புத்தகமே போட்டிருக்கார். பொட்டி தட்டுற நமக்கெல்லாம் பாஸ்கல்னா ஒரு கம்ப்யூட்டர் மொழி, இல்லன்னா அழுத்தத்தோட அளவு. அந்த பிளேஸ் பாஸ்கலும் இந்த வேலையில இறங்கியிருக்கார்! அவர் தங்கச்சி ஜாக்குலின் போர்ட் ராயல் மடத்துல குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவங்க. அண்ணன் சொன்ன வாசிப்பு முறையில சந்தேகம் கேட்டு 1655ல அவருக்குக் கடிதம் எழுதியிருக்காங்க. மெய்யெழுத்தைப் பேர் சொல்லிக் கூப்பிடாம, அதோட ஒலியை மட்டும் லேசா ஒரு உயிரைச் சேர்த்துச் சொல்லணும், அவ்வளவுதான் முறை. 1660ல வந்த போர்ட் ராயல் இலக்கணத்துலயும் இது இருக்கு. அப்படியும் இன்னிக்கு வரைக்கும் "டியோஜி" போகல.

தமிழ்ல இந்தத் தொல்லையே இல்லன்னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டுத்தான் இதை எழுத ஆரம்பிச்சேன். பாதியில காலர் இறங்கிடுச்சு. நம்ம கொள்ளுத் தாத்தாக்கள் படிச்சது "அ, ஆ" இல்லீங்க. "ஆனா, ஆவன்னா, இனா, ஈயன்னா." மெய்யெழுத்துன்னா "இக்கன்னா, இங்ஙன்னா." இதெல்லாம் பேர் இல்லாம வேற என்ன? "ஆனா, இம்மன்னா, மாவன்னா"ன்னு வரிசையா சொன்னா ஒரு குழந்தைக்கு "அம்மா" எங்கேர்ந்து கேட்கும்? தொல்காப்பியத்துலயே கரம், காரம், கான்னு எழுத்தைக் குறிப்பிடத் தனியா சாரியை உண்டு. அதே தொல்காப்பியம், மெய் தனியா நடமாடாது, அகரத்தோட சேர்ந்துதான் இயங்கும்னும் சொல்லுது. பாஸ்கல் மெய்யோட ஒரு உயிரைச் சேர்க்கச் சொன்னாரே, கிட்டத்தட்ட அதே கணக்கு.

இந்த இடத்துலதான் எங்க பாட்டி வர்றாங்க. பாட்டி பள்ளிக்கூட வாசலை மிதிச்சதில்ல. தம்பி திண்ணையில உட்கார்ந்து படிக்கும்போது ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்னு கத்துக்கிட்டவங்க. அக்கா அழுததைப் பார்த்துட்டு, "டேய், அந்தத் தட்டுல கொஞ்சம் ரவையைக் கொட்டிக் கொண்டா"ன்னாங்க. பையனை மடியில உட்கார வெச்சு, அவன் ஆள்காட்டி விரலைப் பிடிச்சு 'ப' போட்டு "ப"ன்னாங்க. 'ட' போட்டு "ட". அப்புறம் 'ம்' போட்டு வாயை இறுக்க மூடிக்கிட்டு ஒரு ரீங்காரம். பானாவும் இல்ல, இம்மன்னாவும் இல்ல. கேட்டா, "அதெல்லாம் வாத்தியாருக்குடா, குழந்தைக்கு எதுக்கு?"ன்னுட்டாங்க.

தட்டுல இருந்த அந்த ரவையைப் பார்த்ததும்தான் எழும்பூர் ஞாபகம் வந்துச்சு.

ஸ்காட்லாந்துல ஒரு முடிதிருத்துபவரோட மகன் ஆண்ட்ரூ பெல். 1787ல மதராசுக்கு வந்து, 1789ல எழும்பூர்ல சிப்பாய்களோட பிள்ளைகளுக்காக நடந்த ஆதரவற்றோர் விடுதிக்குப் பொறுப்பாளர் ஆகறார். பசங்களுக்கு எழுத்தே ஏறல. ஒரு நாள் காலையில குதிரையில போகும்போது ஒரு 'மலபார்' பள்ளிக்கூடத்தைப் பார்க்கறார் (அந்தக் காலத்து வெள்ளைக்காரங்க தமிழையும் மலபார்னுதான் சொன்னாங்க). பிள்ளைங்க தரையில உட்கார்ந்து விரலால மணல்ல எழுதிக்கிட்டு இருக்காங்க. அவ்வளவுதான், வேகமாத் திரும்பி வந்து, இனிமே இங்கயும் மணல்தான்னு சொன்னா, வாத்தியாருங்க ஒத்துக்கல. மனுஷன் விடல. ஜான் ஃப்ரிஸ்கென்னு எட்டு வயசுப் பையன் ஒருத்தன்கிட்ட அரிச்சுவடி வகுப்பையே ஒப்படைச்சார். அவனும் நடத்திக் காட்டினான்.

பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கிறது, நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை பண்ணின வேலைதான். பெல் ஊர் திரும்பி 1797ல இதைப் பத்திப் புத்தகம் போட்டார். 'மதராஸ் முறை'ங்கிற பேர்ல அது இங்கிலாந்து முழுக்கப் பரவிச்சு. ஒரே ஒரு வாத்தியார் சம்பளத்துல நூத்துக்கணக்கான பிள்ளைகள்னா யாருக்குத்தான் கசக்கும்? அவர் விட்டுட்டுப் போன பணத்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்ல கட்டின பள்ளிக்கு இன்னிக்கும் பேர் மெட்ராஸ் காலேஜ்.

நம்ம ஊர்ப் பழக்கம் வெள்ளைக்காரனுக்கே வாத்தியாரா இருந்துச்சுன்னு பெருமைப்பட்டுக்கலாம், தப்பில்ல. ஆனா பெல் இங்கேர்ந்து கொண்டுபோனது மணலையும் சட்டாம்பிள்ளையையும். மடியையும் விரலைப் பிடிக்கிற கையையும் கொண்டுபோக முடியாது, அது வீட்டுச் சமாச்சாரம். அந்த வீட்டுப் பாடமும் ஒரு தடவை கணக்குல வந்திருக்கு. கவர்னர் தாமஸ் மன்றோ 1822ல ராஜதானி முழுக்கப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826 மார்ச்ல அவர் எழுதின குறிப்புல 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதைவிட என்னை நிறுத்தினது மதராஸ் நகரக் கணக்கு. வீட்டுலயே படிக்கிறவங்க மட்டும் 26,963 பேர்! பள்ளிக்கூடத்துல படிச்சவங்களைப் போல சுமார் அஞ்சு மடங்கு. இதுல ஏதோ பிழை இருக்கும்னு மன்றோவே சந்தேகப்பட்டார். பாதின்னே வெச்சுக்குங்க, அது என்ன சின்னக் கூட்டமா? அதுல ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்னவங்களை யாரும் எண்ணியிருக்க மாட்டாங்க.

அப்புறம் 1939ல மரியா மாண்டிசோரி அடையாறுக்கு வர்றாங்க, பிரம்மஞான சபை அழைப்புல. சில மாசம் இருந்துட்டுப் போறதாத்தான் திட்டம். உலகப் போர்ல இத்தாலி எதிர்ப்பக்கம் போயிட்டதால ஊர் திரும்ப முடியாம 1946 வரைக்கும் இந்தியாவுலயே இருக்க வேண்டியதாப் போச்சு. அவங்க முறையில அட்டையில ஒட்டின உப்புத்தாள் எழுத்து ரொம்பப் பிரபலம். குழந்தை அதை விரலால தடவிக்கிட்டே ஒலியைச் சொல்லணும், பேரை இல்ல. பெல் மணலைப் பார்த்த எழும்பூர்லேர்ந்து அடையாறு அப்படி ஒண்ணும் தூரமில்ல. அந்த உப்புத்தாள் அட்டை செட்டை நானும் கடையில போய் விசாரிச்சேன். விலையைக் கேட்டுட்டு ரவையே போதும்னு வந்துட்டேன் :-)

ரவை வாங்கி மூணு வாரம் ஆச்சு. "படம், மரம், வடம்" கூட்டறான். 'பம்பரம்' போட்டா ரெண்டு 'ப'வையும் ஒரே மாதிரி அழுத்திப் படிக்கறான். தமிழ்ல ஒரு எழுத்துக்கு ஒரே ஒலிதான்னு அவனுக்கு யாரு சொன்னது? நாமதான். தங்கத்துல இருக்கிற 'க'வும் கல்லுல இருக்கிற 'க'வும் வேறன்னு எப்படிச் சொல்லிக் கொடுக்கிறதுன்னு எனக்குத் தெரியல. பாட்டி, "தானா வரும், விடு"ங்கறாங்க. டாக்டர்கிட்ட போகலாமான்னு அக்கா இன்னும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்கா. நானும் வேண்டாம்னு சொல்லல, காட்டிட்டா மனசு நிம்மதியாயிடும்னுதான் சொல்லியிருக்கேன்.

நேத்து சாயங்காலம் ஆபீஸ்லேர்ந்து வந்து பார்த்தா தட்டு காலி. பையன் முகம் தொங்கிப் போயிருக்கு. என்னடான்னு கேட்டா, "மாமா, எழுத்தையெல்லாம் பாட்டி உப்புமா பண்ணிட்டாங்க"ங்கறான்.