பள்ளிக்கூடமும் காய்ச்சலும்: ஒரு நூற்றாண்டுக் கதை

களுபோவிலையில் நான் வசிக்கும் ஒழுங்கையில் ஓர் இளம் குடும்பம் இருக்கிறது. கணவன், மனைவி இருவரும் உத்தியோகத்தர்கள். நான்கு வயது மகளை வெள்ளவத்தையிலுள்ள மொண்டிசோரி ஒன்றுக்கு அனுப்பத் தொடங்கி ஆறு மாதங்களாகின்றன. அந்த ஆறு மாதத்துக்குள் அப்பிள்ளைக்கு ஐந்து தடவை தடிமனும் காய்ச்சலும் வந்துவிட்டன. கடந்த கிழமை அந்தத் தாய் என்னிடம் கேட்டார்: "அங்கிள், பிள்ளையை நிற்பாட்டிப்போட்டு வீட்டிலேயே படிப்பிப்பம் எண்டு யோசிக்கிறம். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

நான் வைத்தியன் அல்லன். பத்திரிகை அலுவலகங்களில் காலத்தைக் கழித்தவனுக்குத் தெரிந்தவை எல்லாம் பழைய செய்திகள்தாம். ஆயினும் இந்தக் கேள்வியை ஒரு தாய் கேட்பது இது முதற் தடவையன்று. 1962ஆம் ஆண்டில் எனது தாயாரும் இதனையே கேட்டார். அதற்கும் முன்னர், இந்நாட்டில் பள்ளிக்கூடம் என்ற ஒன்று பரவலாக உருவான நாள்தொட்டு, தாய்மார் இதனைக் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கின்றனர்.

திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் இக்கேள்விக்கு அதிகம் இடமிருக்கவில்லை. ஒரு சட்டம்பியார், பத்துப் பதினைந்து பிள்ளைகள், காற்றோட்டமான திண்ணை, மணலிலே எழுத்து. பிள்ளைகள் அனைவரும் அயலவர்கள். நோய் வந்தால் ஊருக்கே வந்தது. பள்ளிக்கூடத்தைத் தனியாகக் குற்றஞ்சாட்ட வழியில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிமாரின் பாடசாலைகளும், 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை போன்றவையும் தோன்றிய பின்னரே, பல ஊர்ப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் வழக்கம் வேரூன்றியது. கல்வி பரவிய அதே பாதையில் தொற்றும் பரவியது என்பதை மறுப்பதற்கில்லை.

இதனை முதலில் உணர்ந்தவை மேலைநாட்டு அரசுகள். ஜேர்மனியில் பேர்லினை அடுத்த சார்லொட்டன்பேர்க் நகரில் 1904இல் நோயாளிப் பிள்ளைகளுக்காகக் காட்டுக்குள் திறந்தவெளிப் பாடசாலை ஒன்று அமைக்கப்பட்டது. பிரித்தானியா 1907இல் பாடசாலை மருத்துவப் பரிசோதனையைச் சட்டமாக்கியது. அதே ஆண்டில் ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பொன்றில் மரியா மொண்டிசோரி தமது முதலாவது சிறுவர் இல்லத்தைத் திறந்தார். இன்று கொழும்பில் தெருவுக்கொன்றாக இருக்கும் "மொண்டிசோரி"களுக்குப் பெயர் தந்த அந்த அம்மையார், தொழிலால் ஒரு வைத்தியர் என்பது பலருக்குத் தெரியாது. 1939இல் சென்னைக்கு வந்த அவர், போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்து, 1944இல் இலங்கையிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். பிள்ளை தன் கையைத் தானே கழுவுவதையும் தன் இடத்தைத் தானே துப்புரவாக வைத்திருப்பதையும் பாடத்திட்டத்தின் பகுதியாகவே அவர் வகுத்திருந்தார்.

இலங்கையில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1918இல் ஆரம்பிக்கப்பட்டது. விதியின் விளையாட்டுப் போல, உலகை உலுக்கிய இன்புளுவன்சா இத்தீவை வந்தடைந்ததும் அதே ஆண்டிலேயே. 1918, 1919ஆம் ஆண்டுகளில் அந்நோயால் இலங்கை இழந்த மக்கள் தொகை மூன்று இலட்சமளவில் இருக்கலாம் என அண்மைக்கால ஆய்வொன்று மதிப்பிட்டுள்ளது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டபோது, வீடுகளைத் தரிசிக்கும் மருத்துவிச்சியின் பணியோடு பாடசாலைப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் பணியும் அதனுள் அடங்கியது. கொளுக்கிப்புழுவால் வெளிறிப்போன பிள்ளையையும், கண் தெரியாமல் பின்வாங்கில் அமர்ந்திருந்த பிள்ளையையும் வைத்தியர் கண்டுபிடித்த இடம் வகுப்பறையே. அப்பிள்ளைகள் வீட்டிலிருந்திருந்தால் அவர்களை யார் கண்டிருப்பார்கள்? 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்ததும், வைத்தியரின் கண் எட்டிய பிள்ளைகளின் தொகையும் கூடியது.

இனி 1962க்கு வருவோம். அவ்வாண்டில் இலங்கையில் இளம்பிள்ளை வாதம் பெருந்தொற்றாகப் பரவியது. பதிவான நோயாளர் 1,810 பேர். நான் அப்போது வெள்ளவத்தையில் கீழ் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்வாங்கில் இருந்த பையன் ஒருநாள் வரவில்லை. பல மாதங்கள் கழித்து, காலில் இரும்புச் சட்டம் பூட்டிக்கொண்டு வந்தான். அவன் வராத முதற் கிழமையிலேயே என் தாயார் என்னைப் பாடசாலையிலிருந்து மறித்துவிட்டார். ஒரு தவணை முழுவதும் வீட்டில் இருந்தேன். காலையில் வாய்ப்பாடு, மாலையில் தந்தையார் வாங்கி வரும் பத்திரிகையை உரத்து வாசித்தல். பின்னாளில் நான் இத்தொழிலுக்கு வந்ததன் காரணம் அந்த மூன்று மாதங்களே என்று சொல்வதுண்டு. ஆனால் அப்படிச் சொல்லும்போதெல்லாம், மறித்துவைக்க வீட்டில் ஒரு தாய் இல்லாத பிள்ளைகளையும் நினைத்துக்கொள்வேன். எங்கள் வகுப்பில் அத்தகையோரும் இருந்தனர். அவர்கள் நாள்தோறும் பாடசாலைக்குச் சென்றனர்.

ஏறத்தாழ இதே நிலையை 1937இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரம் எதிர்கொண்டது. இளம்பிள்ளை வாதத்துக்கு அஞ்சிப் பாடசாலைகளின் திறப்புத் தள்ளிப்போடப்பட்ட போது, மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வானொலி மூலம் பாடம் நடத்தினார்கள். நாளாந்தப் பாட அட்டவணையையும் வினாக்களையும் பத்திரிகைகள் வெளியிட்டன. அந்த ஏற்பாடு மூன்று கிழமைக்குள் முடிவடைந்தது. பின்னர் பிள்ளைகள் வகுப்பறைக்குத் திரும்பினார்கள்.

எங்களைத் திரும்பவும் அச்சமின்றிப் பாடசாலைக்கு அனுப்பியவை வீட்டுச் சுவர்கள் அல்ல, தடுப்பு மருந்துகளே. தொண்டைக்கரப்பன், ஏற்புவலி, குக்கல் ஆகியவற்றுக்கான முக்கூட்டு மருந்து 1961இலும், இளம்பிள்ளை வாதச் சொட்டு மருந்து 1962இலும் அறிமுகமாயின. 1984இல் சின்னமுத்துத் தடுப்பூசி வந்தது. இளம்பிள்ளை வாதத்தின் கடைசி நோயாளி 1993இல் பதிவானார். சின்னமுத்து 1999, 2000ஆம் ஆண்டுகளில் மீண்டும் தலைதூக்கியது. அதன் பின்னர் இரண்டாவது தடவை ஊசி சேர்க்கப்பட்டது. 2019இல் அது ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் 2023இல் கொழும்பிலும் அயல் மாவட்டங்களிலும் மீண்டும் தோன்றி, ஊசி போடாதவர்களைத் தேடிப் பிடித்தது. கவனம் தளரும் இடத்தில் பழைய நோய் காத்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நோய்க்கு அஞ்சி நாடு முழுவதும் பிள்ளைகளை வீட்டில் வைத்திருந்த பெரும் பரிசோதனையை நாம் அண்மையில் கண்டோம். 2020 மார்ச்சில் கொவிட் காரணமாக மூடப்பட்ட பாடசாலைகள் இடையிடையே திறந்தும் மூடியும் வந்து, 2021 ஒக்டோபரில் சிறிய பாடசாலைகளிலிருந்து தொடங்கிப் படிப்படியாக மீண்டன. "குரு கெதர" நிகழ்ச்சி தமிழ்ப் பிள்ளைகளுக்கு நேத்ரா அலைவரிசையில் ஒளிபரப்பானது. கொழும்புப் பிள்ளை கணினியின் முன் அமர்ந்தது. தொலைபேசிச் சமிக்ஞை தேடி மலைகளிலும் மரங்களிலும் ஏறிய பிள்ளைகளின் படங்களைப் பத்திரிகைகளில் பார்த்தோம். வீட்டுக்கல்வி என்பது வீட்டைப் பொறுத்தது என்னும் உண்மையை அப்படங்கள் உரைத்தன.

அக்காலத்தில் பிள்ளைகளுக்குத் தடிமனும் குறைந்திருந்தது உண்மையே. ஆனால் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும், நியூசிலாந்து, அவுஸ்திரேலியா, அமெரிக்கா முதலிய நாடுகளில் சிறுவரின் சுவாச நோய்கள் பருவம் தப்பி 2021இல் பெருகின. அமெரிக்காவின் ரூசோன் நகரில் பல்லாண்டுகள் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளிவந்த ஆய்வும் இதற்கு ஒத்ததே. பெரிய பராமரிப்பு நிலையங்களுக்குச் சென்ற பிள்ளைகளுக்கு இரண்டு வயதில் தடிமன் அதிகம். ஆரம்பப் பள்ளி வயதில் மற்றவர்களைவிடக் குறைவு. பதின்மூன்று வயதில் வேறுபாடே இல்லை. அதாவது வீட்டில் வைத்திருப்பதால் பல நோய்கள் தவிர்க்கப்படுவதில்லை, பிற்போடப்படுகின்றன. இந்த வயதுப் பிள்ளைக்கு ஆண்டொன்றில் ஆறு முதல் எட்டுத் தடவை தடிமன் வருவது வழமையே என்பர் வைத்தியர்கள்.

எனினும், இதயக் குறைபாடோ, கடுமையான முட்டோ, நோயெதிர்ப்புக் குறைவோ உள்ள பிள்ளைக்குப் பிற்போடுவதே பெரும் பாதுகாப்பாக அமையலாம். அத்தகைய பெற்றோரின் அச்சத்தை எவரும் எள்ளி நகையாடக் கூடாது. சட்டமும் இருக்கிறது: 1998 முதல் 5 வயது தொடக்கம் 14 வயது வரையும், 2016 முதல் 16 வயது வரையும் பிள்ளைகளின் கல்வி கட்டாயம். நான்கு வயதுப் பிள்ளை அதற்குள் அடங்காது. ஆகவே முடிவு பெற்றோருடையது.

எனக்குள்ள குறை வேறொன்று. காய்ச்சல் மருந்தைப் பருக்கிவிட்டுப் பிள்ளையை வகுப்பில் இறக்கிவிட்டுச் செல்லும் வழக்கம் நம் நகரத்தில் பெருகிவிட்டது. லீவு எடுக்க முடியாத தாயை மட்டும் நோவதில் நியாயமில்லை. ஒருநாளும் தவறாமல் வந்த பிள்ளைக்குப் பரிசு கொடுக்கும் வழக்கமும், யன்னல்களை இறுகப் பூட்டிக் குளிரூட்டி பொருத்திய நேர்சரி அறைகளும் இதில் பங்காளிகளே. நோயுற்ற ஒரு பிள்ளை மூன்று நாள் வீட்டில் நின்றால், சுகமான இருபது பிள்ளைகள் நிரந்தரமாக வீட்டில் நிற்க வேண்டியதில்லை.

அந்தத் தாயிடம் இவற்றையே சொன்னேன். ஊசி அட்டையைப் பார்க்கச் சொன்னேன். ஒன்பதாம் மாத ஊசி போடப்பட்டிருந்தது. மூன்று வயதில் போடவேண்டிய இரண்டாவது ஊசி விடுபட்டிருந்தது. "காய்ச்சல் எண்டு தள்ளிப்போட்டுப் பிறகு மறந்து போனம், அங்கிள்" என்றார். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் செவ்வாய்க்கிழமை போவதாகச் சொல்லியிருக்கிறார். இருமல் முற்றாக நிற்கும்வரை பிள்ளை வீட்டில்தான். அதன் பின்னர் நிற்பாட்டுவதா அனுப்புவதா என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அடுத்த வீட்டு விறாந்தையிலிருந்து அப்பிள்ளை அ, ஆ சொல்வது கேட்கிறது. இடையிடையே இருமுகிறாள்.