தகப்பன் பங்கு இல்லாத மீன்

'விந்தைக் குளிர்ந்த உப்புக் கரைசலில் கலந்து, மெல்லியதாகப் பரப்பி, புற ஊதா ஒளி காட்டி, வெளிச்சம் படாமல் முட்டையோடு சேர்த்து, உரிய வேளையில் அதிர்ச்சி கொடுக்க.'

வரிக்குதிரை மீன் ஆய்வுக்கூடத்து வேலை ஒன்றைச் சுருக்கினால் இவ்வளவுதான். தாயின் மரபை மட்டுமே கொண்ட குஞ்சுகளைப் பெறுவது நோக்கம். ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் இவ்வழியில் ஒரே அச்சான மீன்களை உருவாக்கி, 1981இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்.

'குளிர்ந்த உப்புக் கரைசலில் கலந்து': நன்னீர் பட்டதும் விந்தணு துடித்தெழும், சிறிது நேரத்திலேயே ஓய்ந்தும் விடும். உடலுக்கு ஒத்த உப்பளவில் அது அசையாமல் கிடக்கும். முட்டையைச் சேரும்வரை அதன் வலுவைக் காப்பதற்கே இந்தக் கரைசலும் ஐஸும்.

'மெல்லியதாகப் பரப்பி': புற ஊதா ஒளி கலங்கல் திரவத்தில் ஆழமாக இறங்காது. பாலாக இருக்கும் விந்தை அப்படியே வைத்தால் மேலே இருப்பவை அடிபடும், கீழே இருப்பவை தப்பிக்கும். அதனால்தான் நீர்க்கச் செய்து, கண்ணாடித் தட்டில் அடிக்கடி அசைத்துக்கொடுப்பது.

'புற ஊதா ஒளி காட்டி': உயிர்நாடி இதுதான். கிருமி கொல்லும் விளக்கின் 254 நானோமீட்டர் ஒளி, டிஎன்ஏவில் அடுத்தடுத்துள்ள தைமின்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது; அதன்பின் அந்த இழையைப் படியெடுக்க முடியாது. அளவோடு காட்டினால் வாலின் ஓட்டம் கெடாது. எவ்வளவு காட்டுவது? ஜெர்மன் உயிரியலாளர் ஆஸ்கார் ஹெர்ட்விக் 1911இல் ரேடியம் கதிர் பட்ட தவளை விந்தில் ஒரு விந்தையைக் கண்டார். கதிர் கூடக் கூடக் கருக்கள் அதிகம் மடிந்தன. ஓர் எல்லைக்கு மேல் போனதும் பிழைப்பவை கூடின! அரைகுறையாக உடைந்த குரோமோசோம்கள் கருவுக்குள் புகுந்து எல்லாவற்றையும் குலைக்கும். முழுதாகச் சிதைந்தவையோ விலகிவிடும். தாயின் பங்கை வைத்துக் கரு வளரும். ஆக, பயந்து பயந்து குறைத்துக் காட்டுவதுதான் இங்கே பெரிய கேடு. மிகையானால் வாலே நின்றுவிடும் என்பதும் உண்மை. இன்னொரு கூடத்தின் நிமிடக் கணக்கை நான் நம்பமாட்டேன். விளக்கின் வயதும் உயரமும் மாறினாலே கணக்கு மாறிவிடும்.

'வெளிச்சம் படாமல்': ஒளியின் துணையோடு தைமின் பிணைப்பைப் பிரிக்கும் நொதி முட்டையில் உண்டு. அறை விளக்கை எரியவிட்டால் செய்த வேலை பாழ்.

'உரிய வேளையில் அதிர்ச்சி': இதுவரை செய்ததில் கருவுக்குக் கிடைப்பது 25 குரோமோசோம்கள் மட்டுமே. குட்டை உடலும் சிறிய கண்ணுமாக, சில நாளில் மடியும். கருவுற்ற 13ஆம் நிமிடத்தில் 41.4 டிகிரி நீரில் 2 நிமிடம் வைத்தால் முதல் பிளவு தடைபட்டு 50 ஆகிறது. முதல் சில நிமிடங்களில் அழுத்தம் கொடுப்பது இன்னொரு வழி.

வேலை சரியாக நடந்ததா என்று பார்க்க, வெளிறிய பொன்னிறத் தாயையும் கருவரித் தந்தையையும் ஸ்ட்ரைசிங்கர் பயன்படுத்தினார். உங்கள் தட்டில் கருமை ஏறிய கரு ஒன்று தென்பட்டாலும் தகப்பன் பங்கு உள்ளே வந்துவிட்டது என்று பொருள். அந்தத் தட்டை ஒதுக்கிவிட்டு விளக்கைச் சோதியுங்கள்.