விதண்டாவாதம் கற்றுக்கொடுத்த வாத்தியார்?

நம் வீட்டு அப்பாக்கள் பிள்ளைகளைப் பார்த்து அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தை உண்டு. "விதண்டாவாதம் பேசாதே!" பிள்ளை பத்தாவது படிக்கும்போது ஆரம்பித்து, காலேஜ் முடிக்கும் வரை இது ஓயாது. சொல்கிறவருக்கும் சரி, கேட்கிறவருக்கும் சரி, 'பெரியவர்களை எதிர்த்துப் பேசுவது' என்ற அளவில்தான் இதன் அர்த்தம் தெரியும்.

உண்மையில் இது பாடசாலையிலிருந்து வந்த வார்த்தை. கௌதமரின் நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையைத் தெரிந்துகொள்வதற்காக இருவரும் பேசினால் அது வாதம். எப்படியாவது ஜெயித்துவிட வேண்டும் என்று பேசினால் ஜல்பம். தன் பக்கம் என்று ஒன்றை முன்வைக்காமல், எதிராளி சொல்வதை உடைப்பதையே வேலையாக வைத்துக்கொண்டால் விதண்டை. ஆக, எதிர்த்துப் பேசுவதெல்லாம் விதண்டாவாதம் ஆகாது. "நீ சொல்வது தப்பு" என்று சொல்லிவிட்டு, "அப்படியானால் எது சரி?" என்று கேட்டால் நழுவுகிறானே, அவன்தான் விதண்டாவாதி.

இந்த வித்தியாசத்தைக் காலேஜ் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா? சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும்? நான் பிழைக்க வந்த இந்தக் கொல்கத்தாவிலேயே அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. லேக் மார்க்கெட் பக்கம் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில்கூடப் பலருக்கு முழுதாகத் தெரியாத கதை. தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன காலேஜ் ஸ்ட்ரீட்டுக்கு வாருங்கள். 1817 ஜனவரியில் தொடங்கிய ஹிந்து காலேஜ், 1820களின் பிற்பாதியில் இங்கே கட்டிய கட்டடத்துக்கு வந்தது. (பிறகு 1855-ல் பிரசிடென்சி காலேஜ் ஆகி, 2010-ல் பல்கலைக்கழகமானதும் இதுவேதான்.) அந்தக் கட்டடத்தில் இன்னொரு கல்விச்சாலையும் இருந்தது, 1824-ல் தொடங்கிய சம்ஸ்கிருதக் கல்லூரி. ஒரு பக்கம் பண்டிதர்கள் நியாய சாஸ்திரம் நடத்தினார்கள். இன்னொரு பக்கம் பையன்கள் ஆங்கிலத்தில் வரலாறும் தத்துவமும் படித்தார்கள். இரண்டு பக்கமும் வாதம்தான் பாடம். ஆனால் ஒருவர் பாடம் மற்றவர் காதில் விழவில்லை!

அந்த ஆங்கிலப் பக்கத்துக்கு 1826-ல் ஒரு புது வாத்தியார் வந்தார். பெயர் ஹென்றி லூயி விவியன் டெரோசியோ. வங்காளிகள் 'டிரோஜியோ' என்பார்கள். போர்த்துக்கீசிய வம்சாவளி, பிறந்தது 1809-ல் இதே கல்கத்தாவில். வேலைக்குச் சேரும்போது வயது பதினேழுதான்! அப்போதைய ஹிந்து காலேஜில் சின்னப் பையன்களிலிருந்து பெரியவர்கள் வரை எல்லோரும் படித்தார்கள். அவரிடம் படித்த பலர் அவரைவிட நான்கைந்து வயதுதான் சின்னவர்கள்.

பாடப்புத்தகத்தோடு அவர் நிற்கவில்லை. வகுப்பு முடிந்த பிறகும் மாணவர்களோடு உட்கார்ந்து பேசினார். 1828 வாக்கில் 'அகாடமிக் அசோசியேஷன்' என்ற விவாத சபை பிறந்தது. மாணிக்தலாவில் ஒரு தோட்ட வீட்டில் கூடுவார்கள். தலைவர் டெரோசியோ. மனிதனுக்குச் சுயேச்சை உண்டா, எல்லாம் விதியா? நல்லொழுக்கம் என்பது எது? கடவுள் இருக்கிறார் என்பதற்கு ஆதரவாக என்ன சொல்லலாம், எதிராக என்ன சொல்லலாம்? விக்கிரக ஆராதனை சரியா? இவைதான் தலைப்புகள். கடிகார வியாபாரியாக வந்து கல்விக்காகவே வாழ்ந்த டேவிட் ஹேர் போன்றவர்களும் வந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

அவர் சொல்லிக்கொடுத்த முறைக்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. கடவுள் நம்பிக்கையைக் கேள்வி கேட்கும் டேவிட் ஹியூமின் உரையாடலைப் பையன்களுக்கு அறிமுகப்படுத்தினார். அதோடு விடவில்லை. ஹியூமுக்கு ரீட், டுகால்ட் ஸ்டூவர்ட் போன்றவர்கள் கொடுத்த பதில்களையும் கூடவே கொடுத்தார். ஒரு பக்கத்தை மட்டும் தெரிந்துகொண்டவனுக்கு அந்தப் பக்கம்கூடச் சரியாகத் தெரியாது என்பது அவர் கட்சி. நம் சாஸ்திரங்களில் எதிராளியின் வாதத்தை முதலில் முழுசாக எழுதிவிட்டு, பிறகுதான் தன் பதிலை எழுதுவார்கள். பூர்வபட்சம், சித்தாந்தம் என்பார்கள். கட்டடத்தின் அந்தக் கோடியில் நடந்த அதே வேலைதான் இங்கேயும் நடந்தது, வேறு பாஷையில்.

சரி, பெற்றோர் என்ன நினைத்திருப்பார்கள்? நீங்களே யோசித்துப் பாருங்கள். கும்பெனியில் வேலை கிடைக்கட்டும் என்று ஆங்கிலம் படிக்க அனுப்பினால், பையன் வீட்டுக்கு வந்து 'ஏன் பூஜை?' 'ஏன் ஜாதி?' என்று கேட்கிறான். ஊரெல்லாம் வதந்தி. டெரோசியோ கடவுள் இல்லை என்கிறாராம், பெற்றோர் பேச்சைக் கேட்க வேண்டாம் என்கிறாராம், அண்ணன் தங்கை கல்யாணம் தப்பில்லை என்கிறாராம்! பிள்ளைகளைக் காலேஜிலிருந்து நிறுத்த ஆரம்பித்தார்கள்.

1831 ஏப்ரல் 23-ந் தேதி நிர்வாகக் குழு கூடியது. ராம்கமல் சென் போன்றவர்கள் டெரோசியோவை நீக்க வேண்டும் என்று நின்றார்கள். அங்கே நடந்ததைக் கவனியுங்கள். இளைஞர்களுக்குப் பாடம் சொல்ல இவர் தகுதியற்றவரா என்ற கேள்வி முதலில் வந்தது. பெரும்பான்மையினர் அப்படிச் சொல்ல முன்வரவில்லை. அடுத்த கேள்வி, நகரத்து ஹிந்துக்களின் இப்போதைய மனநிலையில் இவரை நீக்குவது உசிதமா? பெரும்பான்மை ஆமாம் என்றது. இது ஹிந்துக்களின் உணர்வு சம்பந்தப்பட்ட விஷயம் என்று வில்சனும் ஹேரும் ஓட்டுப் போடவில்லை. குற்றம் நிரூபணமாகவில்லை, ஆனால் தண்டனை உண்டு! இரண்டு நாளில் டெரோசியோ ராஜினாமா கொடுத்தார். தன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரிக்கவில்லையே என்பதுதான் அவருடைய பெரிய ஆதங்கம்.

சம்ஸ்கிருத அறிஞர் ஹொரேஸ் ஹேமன் வில்சன் மட்டும் அந்த மூன்று குற்றச்சாட்டுகளையும் கேள்விகளாக்கி அவருக்கு எழுதினார். டெரோசியோ ஏப்ரல் 26-ல் பதில் அனுப்பினார். கடவுள் இல்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, இரண்டு பக்கத்தையும் சொன்னேன் என்றார். அண்ணன் தங்கை கல்யாணமா? அப்படி ஒரு அபத்தத்தை நான் சொல்லிக்கொடுத்ததே இல்லை என்றார். பெற்றோர் விஷயம்? தட்சிணாரஞ்சன் முகர்ஜி என்ற மாணவர், அப்பாவின் கொடுமை தாங்கவில்லை, வீட்டை விட்டுப் போகிறேன் என்று வந்தபோது, பெற்றவரிடம் எவ்வளவோ பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று தடுத்தவனே நான்தான் என்று எழுதினார்.

அந்தக் கடிதத்தில் ஒரு வாதம் அபாரம். என்னிடம் படித்துச் சிலர் நாத்திகர் ஆனதற்கு என்மேல் பழி என்றால், என்னிடமே படித்து ஆத்திகராக இருப்பவர்களுக்காக எனக்குப் புகழும் தர வேண்டுமே என்று கேட்டார்.

இந்த இடத்தில் எனக்கு நம் மணிமேகலைதான் ஞாபகத்துக்கு வருகிறது. அதன் 29-வது காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கம் சொல்லிக்கொடுக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம். அதாவது நீ நிறுவ வருவது எது, அதற்குக் காரணம் என்ன, அதற்கு உதாரணம் என்ன. பிறகு இவற்றின் போலிகளையும் பட்டியல் போடுகிறார். ஏதுப்போலி மூன்று வகை. அசித்தம், அநைகாந்திகம், விருத்தம். காரணமே உறுதிப்படாதது அசித்தம். சொல்ல வந்ததற்கும் அதற்கு மாறானதற்கும் ஒரேபோலப் பொருந்துகிற காரணம் அநைகாந்திகம். சொல்ல வந்ததற்கு நேர் எதிரானதையே நிறுவிவிடுவது விருத்தம்.

இப்போது அந்தக் குழுவின் வழக்கை இந்தத் தராசில் வையுங்கள். 'அண்ணன் தங்கை கல்யாணத்தை ஆதரித்தார்' என்பது வெறும் வதந்தி, அசித்தம். 'அவரிடம் படித்தவன் நாத்திகன் ஆனான்' என்பது அநைகாந்திகம், ஏனென்றால் அவரிடம் படித்த இன்னொருவன் ஆத்திகனாக இருக்கிறான். நியாய சாஸ்திரம் படித்ததாகத் தெரியாத டெரோசியோ, அந்தப் போலியைச் சரியாகப் பிடித்துவிட்டார். அடுத்த பக்கத்துப் பண்டிதர் பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார்.

டெரோசியோ அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. 1831 டிசம்பர் 26-ல் காலராவில் போய்விட்டார். வயது 22. தெற்கு பார்க் ஸ்ட்ரீட் கல்லறையில் அடக்கம்.

மாணவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்லமாட்டேன். அதே வருஷம் ஆகஸ்டில், கிருஷ்ண மோகன் பானர்ஜி வீட்டில் இல்லாத நேரத்தில் அவர் நண்பர்கள் கூடி, மாட்டிறைச்சி சாப்பிட்டு, எலும்பைப் பக்கத்துப் பிராமணர் வீட்டுக்குள் எறிந்தார்கள். தெருவே கொதித்தது. கிருஷ்ண மோகன் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. எலும்பு எறிவதில் என்ன ஏது இருக்கிறது, என்ன திட்டாந்தம் இருக்கிறது? பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் மனம்கூட அதனால் மாறியிருக்காது. இது விதண்டைகூட இல்லை, வெறும் சேட்டை. ஒன்றையும் கவனியுங்கள். இது நடந்தது வாத்தியாரை வெளியே அனுப்பி நான்கு மாதம் கழித்து. சபையை நடத்தி, 'எதிர்ப்பக்கத்தையும் சொல்லு' என்று சொல்ல காலேஜில் அவர் இல்லை.

ஆனால் வருஷம் போகப் போகப் படித்தது வேலை செய்தது. 1843 பிப்ரவரியில், இந்த மாணவர்கள் நடத்திய சங்கம் ஹிந்து காலேஜ் மண்டபத்தில் கூடியது. அதே தட்சிணாரஞ்சன், கும்பெனி ஆட்சியின் நீதிமன்றங்களையும் போலீசையும் விமர்சித்து ஒரு கட்டுரை வாசித்தார். பிரின்சிபால் ரிச்சர்ட்சன் நடுவில் எழுந்து, காலேஜை ராஜத்துரோகக் கூடாரமாக்க விடமாட்டேன் என்று கத்தினார். தலைமை வகித்த தாராசந்த் சக்கரவர்த்தி பதறவில்லை. நீங்கள் இங்கே விருந்தாளி, பேசுகிறவரை இடைமறிக்க உங்களுக்கு உரிமையில்லை, சொன்னதைத் திரும்பப் பெறுங்கள் என்றார். துரையைப் பார்த்து, 1843-ல்! மறுபக்கத்தைக் கேட்டுவிட்டுப் பேசு என்ற டெரோசியோ சபையின் விதிதான் அது.

கிருஷ்ண மோகன் கிறிஸ்தவரானார், பாதிரியாரானார். 1861-ல் ஹிந்து தத்துவங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நியாயம், சாங்கியம், வேதாந்தம் மூன்றையும் எடுத்துக்கொண்டு உரையாடல் வடிவிலேயே எழுதினார். முப்பது வருஷம் கழித்து, கட்டடத்தின் இந்தப் பக்கம் அந்தப் பக்கத்தோடு உட்கார்ந்து பேசியது. அவர் முடிவுகளை ஏற்கிறோமோ இல்லையோ, எலும்பு எறிந்த காலத்திலிருந்து எவ்வளவு தூரம்!

எனக்கு மிகவும் பிடித்தது ராம்கோபால் கோஷ் கதை. டெரோசியோவின் சீடர், பெரிய வியாபாரி, பேச்சில் புலி. ஆசாரங்களை மதிக்காதவர் என்று பெயர் எடுத்தவர். 1864-ல், ஹூக்ளிக் கரையில் இருந்த நீம்தலா சுடுகாட்டை ஊருக்கு வெளியே மாற்ற வேண்டும் என்ற பேச்சு வந்தது. கங்கைக் கரையில் எரிய வேண்டும் என்பது ஆசாரக்காரர்களின் காலங்காலமான நம்பிக்கை. அவர்கள் பக்கத்தை எடுத்துச் சொல்ல எழுந்தவர் யார் தெரியுமா? ராம்கோபால்தான். தனக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, ஊர் மக்களின் உணர்வைத் தன் வாதமாகக் கட்டிப் பேசினார். திட்டம் கைவிடப்பட்டது. நீம்தலா இன்றும் அங்கேயேதான் இருக்கிறது.

முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் எந்த ஊரார் 'எங்கள் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டார்' என்று வாத்தியாரை விரட்டினார்களோ, அந்த ஊராருக்காக நின்றது அந்த வாத்தியாரிடம் படித்த பிள்ளை. எதிர்ப்பக்கத்தை அதன் முழு பலத்தோடு சொல்லப் பழகியவனால்தான் இப்படித் தனக்கு ஒட்டாத ஒன்றுக்காகவும் நியாயமாகப் பேச முடியும்.

ஊரைவிட்டு வந்த நமக்கு ஒரு கூடுதல் பயம் இருக்கிறது. ஊரில் கோயில், சொந்தம், தெரு எல்லாம் சேர்ந்து பழக்கவழக்கத்தைத் தாங்கிப் பிடிக்கும். இங்கே அம்மாவும் அப்பாவும் மட்டும்தான். அதனால் பிள்ளை 'ஏன் தமிழ் படிக்கணும்?' 'ஏன் இந்த நோன்பு?' என்று கேட்டால் எல்லாமே கையைவிட்டுப் போவதுபோல் இருக்கிறது. உடனே 'விதண்டாவாதம்' என்று வாயை அடைத்துவிடுகிறோம். காலேஜ் நிர்வாகக் குழு செய்ததும் இதுதானே?

வேறு ஒரு வழி இருக்கிறது. அடுத்த தடவை பிள்ளை எதிர்த்துப் பேசினால் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். "நான் சொல்வதை நீ புரிந்துகொண்டபடி முதலில் சொல்லு." அடுத்தது, "சரி, உன் பக்கம் என்ன, அதற்கு ஏது என்ன?" இரண்டுக்கும் பதில் வந்தால் அது வாதம், உட்கார்ந்து பேசுங்கள். வராவிட்டால் அப்போது தாராளமாகச் சொல்லலாம், விதண்டாவாதம் என்று. ஆனால் ஒரு எச்சரிக்கை. அதே இரண்டு கேள்வியைப் பிள்ளையும் நம்மிடம் திருப்பிக் கேட்கும். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்!