கிணற்று ஆமைக்குச் சோறு போட்டது யார்?

சேத்தியாத்தோப்பு வட்டாரம் தண்ணீரால் ஆனது. வெள்ளாற்றின் குறுக்கே அணைக்கட்டு, பராந்தக சோழன் காலத்து வீராணம் ஏரி, வாய்க்கால், வயல் என்று எங்கும் ஈரம். இப்படிப்பட்ட ஊர்களில் திறந்த கிணறுகள் இருந்த காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. வயலிலோ குளத்திலோ ஆமை அகப்பட்டால் அதைக் கொண்டுவந்து கிணற்றில் விட்டுவிடுவார்கள். புழுவையும் பாசியையும் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் என்பது நம்பிக்கை. ‘ஆமை புகுந்த வீடு உருப்படாது’ என்று வாசலிலேயே மறித்தவர்கள், குடிநீர்க் கிணற்றை மட்டும் அதன் பொறுப்பில் விட்டார்கள்!

அந்த ஆமைக்கு யாரும் சோறு போட்டதில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை. வயலிலும் குளத்திலும் வாழும் பாலாமை தவளை, நத்தை, மீன், பூச்சி, நீர்த்தாவரம் என்று எல்லாவற்றையும் தின்னும். கிணற்றுக்குள்ளும் தவளை இருந்தது, கொசுப்புழு இருந்தது, மேலிருந்து விழும் இலையும் பழமும் இருந்தன. குறை வேறிடத்தில். செங்குத்தான சுவருக்குள் ஏறி உட்கார்ந்து வெயில் காய இடமில்லை. வெயில் படாவிட்டால் தின்ற சுண்ணாம்புச் சத்து ஓட்டில் சேராது. ஆமைக்கு அது நல்ல வீடல்ல. ஆனால் சாப்பாட்டு விஷயத்தில், பின்னாளில் வந்த கண்ணாடித் தொட்டியைவிட மேல்.

கிணறுகள் போய் ஆழ்துளைக் குழாய்கள் வந்தன.     கிணறு மறைந்ததும் கிணற்று ஆமையும் நினைவாகிவிட்டது.

அதன் இடத்துக்கு வந்தது, மீன் கடையில் விற்கும் சிவப்புக் காதுப் பட்டை கொண்ட அமெரிக்க ஆமை. கூடவே காய்ந்த இறால் டப்பா ஒன்று. குட்டியாக இருக்கும்போது அதற்கு மாமிசம் அதிகம் தேவை. வளர வளரச் செடிகொடிகளுக்கு மாறும். டப்பா மட்டும் மாறுவதில்லை.

வளர்ப்பு ஆமைக்கு மனிதன் போட்ட சாப்பாட்டின் வரலாற்றில் இரண்டு பெயர்கள் முக்கியம். கல்கத்தா அலிப்பூர் உயிரியல் தோட்டத்தில் 2006 மார்ச்சில் இறந்த அத்வைதா, ராபர்ட் கிளைவிடம் இருந்தது என்று சொல்லப்பட்ட ராட்சத ஆமை. கோதுமைத் தவிடு, கேரட், லெட்யூஸ் கீரை, ஊறவைத்த கடலை, ரொட்டி, புல், உப்பு இவைதான் அதன் உணவு. இன்றைய கால்நடை மருத்துவர் முதலில் ரொட்டியை நிறுத்தச் சொல்லியிருப்பார். புல்லை நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டார்.

இன்னொன்று ஜொனாதன். 1882இல் செயின்ட் ஹெலினா தீவுக்கு வந்து, ஆளுநர் மாளிகைப் புல்வெளியில் மேய்ந்தே நூறாண்டுக்கு மேல் ஓட்டியது. முதுமையில் கண்ணில் புரை விழுந்தது, மோப்பமும் போனது. நல்ல புல் எது என்று தெரியாமல் மண்ணையும் சருகையும் கடித்தது. அலகு மழுங்கியதால் புல்லை நறுக்கவும் முடியவில்லை. கால்நடை மருத்துவர் ஜோ ஹாலின்ஸ் வாரந்தோறும் கேரட், வெள்ளரி, ஆப்பிள், வாழைப்பழம் என்று கையாலேயே ஊட்டத் தொடங்கினார். விட்டமினும் தாது உப்பும் உள்ளே போகப் போக, மழுங்கிய அலகு மீண்டும் கூர்மையானது.

நம் மண்ணின் நட்சத்திர ஆமைக்கோ இத்தனை பழம் ஆகாது. அது வறண்ட முட்காட்டுப் பிராணி. புல், இலை, உதிர்ந்த பூ, சப்பாத்திக்கள்ளி என்று வாழ்வது. அந்தக் கள்ளியே வந்தேறிதான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர், சிவப்புச் சாயம் தரும் பூச்சியை வளர்ப்பதற்காகச் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். சாயத்தொழில் நிலைக்கவில்லை. அமெரிக்கக் கள்ளியோ நம் வறட்டு நிலத்தில் வேர்விட்டு, ஆமைக்கும் தீனியானது.

நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது இன்று குற்றம். 2019இல் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலிலும், 2022இன் சட்டத் திருத்தத்தால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் சேர்ந்தது. ஆனாலும் பெட்டிக்குள் அடைத்துக் கடத்துவது நின்றபாடில்லை. 2018இல் சிங்கப்பூரிலிருந்து 51 ஆமைகள் கர்நாடகத்துக்குத் திரும்பி வந்தன. இப்படி மீட்கப்படுபவற்றைப் பராமரிப்பவர்களுக்கே இந்த உணவு அறிவு இப்போது அதிகம் தேவைப்படுகிறது. தட்டில் பெரும்பங்கு அருகம்புல் போன்ற நார்ப்புல். கூடவே செம்பருத்தி இலை, பூ. பாலக் கீரை தினமும் கூடாது. அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும். கடலை, பருப்பு வேண்டாம். கடிக்க ஒரு துண்டு கணவாய் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் கிடைப்பது. சப்பாத்திக்கள்ளி கிடைத்தால் முள்ளைத் தீயில் பொசுக்கி, மடலை நறுக்கிப் போடலாம்.